நாற்பத்தாறு பேர் சொன்ன ஒரே பதில்

தென்னாப்பிரிக்காவில், ஹார்வுட் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் பதினொரு வருடம் துபாஷியாக இருந்தவன் நான். எங்கள் மொழியான கோசா பேசுகிறவன் சொல்வதை இங்கிலீஷில் துரைக்குச் சொல்ல வேண்டும். துரை சொல்வதைக் கோசாவில் அவனுக்குச் சொல்ல வேண்டும். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன் என்று வேலையில் சேர்ந்த அன்று பைபிள் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தேன். என் தங்கை லிடியாவின் புருஷன் எசேக்கியா ஜெயிலுக்குப் போனது அந்தச் சத்தியத்தை நான் காப்பாற்றாததால்தான்.

எங்கள் குடியிருப்பின் பெயர் லுபேனி. குன்றின் அடியில் பாறை வெடிப்பிலிருந்து ஒரு ஊற்று வரும். லுபேனியில் பிறந்த எல்லோரும் அந்தத் தண்ணீரைக் குடித்துத்தான் வளர்ந்தோம். பக்கத்துப் பண்ணைக்காரர் கிரேன்ஜர் தன் நிலத்தின் எல்லையைப் புதிதாக அளக்கச் சொன்னார். அளந்து முடித்தபோது ஊற்று அவர் பக்கம் போயிருந்தது. வரைபடத்தில் மாஜிஸ்திரேட் பெல்ஃபோர்டு துரை கையெழுத்துப் போட்டார். எங்கள் பக்கத்துக் கோடையான ஜனவரியின் கடும் வெயிலில் கம்பி வேலி எழுந்தது.

அதற்குப் பிறகு எங்கள் பெண்கள் கீழே இருந்த குட்டைக்குப் போனார்கள். மாடுகள் இறங்கி நிற்கிற குட்டை அது. மார்ச் மாதம் வயிற்றுக் காய்ச்சல் வந்தது. பதினொரு பேர் போய்ச் சேர்ந்தார்கள். அதில் ஒன்பது பேர் குழந்தைகள். பேலே குலத்தில் பிறந்ததால் எல்லோரும் மாபேலே என்று கூப்பிடுகிற ஒருத்தி, ஒரே வாரத்தில் ஆறு வயதுப் பையனையும் நாலு வயதுப் பெண்ணையும் புதைத்தாள்.

பெரியவர்கள் நாலு பேர் பெல்ஃபோர்டு துரையைப் பார்க்கப் போனார்கள். நான்தான் இடையில் நின்று மொழிபெயர்த்தேன். மாடு இறங்காத பக்கமாகப் பார்த்துத் தண்ணீர் எடுங்கள் என்று அவர் சொன்னார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

எசேக்கியா லுபேனி மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். மூன்று வருடத்துக்கு முன்னால் வந்த ஒரு சட்டம் எங்கள் ஆட்களில் பாதிப் பேரின் ஓட்டைப் பறித்திருந்தது. வாய் தைக்கும் சட்டம் என்று ஜனங்கள் அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். ஓட்டு இல்லாதவனும் கேப் டவுன் பார்லிமென்ட்டுக்கு மனுப் போடலாம், அதை எவனும் தடுக்க முடியாது என்று எசேக்கியா எங்கோ படித்துவிட்டு வந்தான். ஒரு சாயங்காலம் நாலு பக்கம் எழுதிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான்.

"மச்சான், இதைக் கொஞ்சம் பாரு. முறை தப்பினா பார்லிமென்ட் குமாஸ்தாவே திருப்பி அனுப்பிடுவானாம்."

கோர்ட்டில் அரசாங்க கெஜட் வரும். மனு எப்படி இருக்க வேண்டும் என்ற விதிகளெல்லாம் எனக்குத் தெரியும். வேண்டுகோள் எழுதிய தாளிலேயே முதல் கையெழுத்து இருக்க வேண்டும். எழுதத் தெரியாதவன் சிலுவைக் குறி போட்டால் பக்கத்தில் ஒருவன் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். மரியாதைக் குறைவான வார்த்தை ஒன்றுகூட இருக்கக் கூடாது.

"'எங்கள் பிள்ளைகளைக் கொன்ற தண்ணீர்'னு எழுதியிருக்கீங்க மாப்பிள்ளை. 'கொன்ற' வேண்டாம். 'உடல்நலத்துக்கு ஏற்றதல்லாத'ன்னு போடுங்க."

"கொல்லாம பின்ன என்ன பண்ணுச்சு? தாலாட்டுச்சா?"

"அவங்க படிக்கணும்னா அப்படித்தான் எழுதணும்."

அவன் சிரித்துக்கொண்டே அடித்துவிட்டு எழுதினான். கிளம்பும்போது கேட்டான்.

"உன் கையெழுத்து?"

"நான் அரசாங்கச் சம்பளம் வாங்கறவன், மாப்பிள்ளை."

"சரி, விடு. சும்மா கேட்டேன்."

அடுத்த ஞாயிறு ஜெபம் முடிந்ததும் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் கூடினார்கள். எசேக்கியா மனுவை வாசித்து வரிக்கு வரி கோசாவில் சொன்னான். கடைசியில் 'உங்கள் தாழ்மையுள்ள மனுதாரர்கள் என்றென்றும் ஜெபித்துக்கொண்டிருப்பார்கள்' என்று வந்தபோது டியானி தாத்தா கையைத் தூக்கினார். லுபேனியில் யார் வீட்டு விசேஷமானாலும் அவர் வாயைத் திறந்தால் கூட்டம் சிரிக்கும்.

"யாருக்காக ஜெபிக்கணும் வாத்தியாரே? கிரேன்ஜருக்கா?"

"பார்லிமென்ட்டுக்கு, தாத்தா."

"அங்க எத்தனை பேரு?"

"எழுபத்தஞ்சு, எண்பது இருக்கும்."

"என் முட்டி தாங்காதுப்பா. பாதிப் பேருக்கு நான், மீதிக்கு என் பெஞ்சாதி."

சிரிப்பு அடங்கியதும் ஆண்கள் வரிசையாகப் போய்க் குறி போட்டார்கள். வரிசையில் மாபேலேயும் வந்து நின்றாள். ஒருவன் அவளை மறித்தான்.

"பொம்பளைங்க பேரு பார்லிமென்ட்டுக்குப் போனா நம்ம மானம் என்ன ஆகறது?"

"குடம் தூக்கறது யாரு? உன் மானமா?" என்றாள் மாபேலே. "பேனாவைக் குடுங்க வாத்தியாரே."

மொத்தம் அறுபத்தெட்டுப் பெயர்கள். அதில் பதினேழு பேர் தங்கள் கையால் எழுதினார்கள். மீதி ஐம்பத்தொன்றும் சிலுவைக் குறிகள். ஒவ்வொன்றுக்கும் எசேக்கியா சாட்சிக் கையெழுத்துப் போட்டான்.

ஜூன் மாத விடுமுறையில் அவன் மூன்றாம் வகுப்பு ரயிலில் கேப் டவுன் போனான். எங்கள் பகுதிக்கு உறுப்பினர் ஆஷ்வெல் என்பவர். மோசமான மனிதரில்லை. மனுவை வாங்கிக்கொண்டு, மேலே மாடத்தில் உட்கார்ந்து பார்க்க அவனுக்குச் சீட்டும் வாங்கிக் கொடுத்தார். திரும்பி வந்த அன்று பள்ளிக்கூடத்தில் மறுபடி கூட்டம்.

"ஆஷ்வெல் துரை எழுந்தாரு. 'ஹார்வுட் பகுதி, லுபேனி, அறுபத்தெட்டு பேர், ஒரு ஊற்று சம்பந்தமாக'ன்னாரு. அவ்வளவுதான். உக்காந்துட்டாரு."

"நம்ம மனுவைப் படிக்கலையா?" என்று மாபேலே கேட்டாள்.

"படிக்க மாட்டாங்களாம். அன்னிக்கு மட்டும் பதினாலு மனு. திராட்சைத் தோட்டக்காரங்க ஒண்ணு, சாராயக் கடையை மூடச் சொல்லி ஒண்ணு, பாலம் கேட்டு மூணு. ஒவ்வொண்ணுக்கும் தலைவர் ஒரே வார்த்தைதான் சொன்னாரு. மேசையில் கிடக்கட்டும்."

"எந்த மேசை?"

"நடுவுல பெருசா ஒரு மேசை போட்டிருக்கு. பச்சைத் துணி விரிச்சிருக்கு."

"எவ்வளவு நாள் கிடக்கும்?"

டியானி தாத்தாதான் சொன்னார்.

"நம்ம ஊரு பொணத்தையே மூணு நாளுக்கு மேல கிடக்க விடமாட்டோம். அவங்களுக்கு அவ்வளவாவது தெரியாதா?"

யாரும் சிரிக்கவில்லை. ஆனால் இரண்டு வாரம் கழித்து ஆஷ்வெல்லிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. மனுவை அரசாங்கத்தின் பரிசீலனைக்கு அனுப்ப வேண்டும் என்று தான் கொண்டுவந்த தீர்மானத்தை சபை ஏற்றுக்கொண்டது என்று அதில் எழுதியிருந்தார். அன்று லுபேனியில் ஆடு வெட்டினார்கள். சோள பீர் ஓடியது. நானும் குடித்தேன்.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு காலை நேரம், தபால் பையை நான்தான் பிரித்தேன். பெரிய உறை ஒன்று இருந்தது. உள்ளே எசேக்கியாவின் அழகான சாய்வெழுத்து. மேலே யாரோ சிவப்பு மையில் எழுதியிருந்தார்கள்: 'ஹார்வுட் மாஜிஸ்திரேட்டின் அறிக்கைக்காக.'

யார் மேல் புகாரோ, அவரிடமே வந்து சேர்ந்திருந்தது. அரசாங்கத்துக்கு இதில் வஞ்சம் எதுவும் இருந்ததாக நான் நினைக்கவில்லை. ஹார்வுட்டைப் பற்றி எந்தக் காகிதம் வந்தாலும் அது ஹார்வுட் மாஜிஸ்திரேட்டுக்குத்தான் போகும். அதுதான் வழக்கம்.

பெல்ஃபோர்டு துரை அதை இரண்டு முறை படித்தார். முகம் சிவந்துபோயிற்று.

"பதினைந்து வருடம் இந்த ஜனங்களுக்காக உழைத்திருக்கிறேன். என் முதுகுக்குப் பின்னால் பார்லிமென்ட்டுக்கு எழுதுகிறார்கள்." பிறகு என்னைப் பார்த்தார். "முறை தெரிந்து எழுதியிருக்கிறான். இந்த விதியெல்லாம் அந்த வாத்தியாருக்கு எப்படித் தெரியும்?"

"புத்தகம் படிப்பான் துரை," என்றேன்.

தினம் பத்துப் பத்துப் பேராக எல்லோரையும் வரச்சொல்லி உத்தரவு போட்டார். விசாரணை அவருடைய அறையில் நடந்தது. ஜன்னலோரமாக கிரேன்ஜர் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இந்தப் பக்கம் குடியிருப்பு இன்ஸ்பெக்டர், கையில் தோட்ட நிலங்களின் பதிவேடு. லுபேனியில் எவனுக்கும் நிலம் சொந்தமில்லை. துரை விரும்புகிறவரை உழலாம். ஒவ்வொருவர் உள்ளே வரும்போதும் இன்ஸ்பெக்டர் பதிவேட்டில் அவர் பக்கத்தைத் தேடி எடுத்து விரலை வைத்துக்கொள்வார்.

முதலில் வந்தவர் டியானி தாத்தா.

"அரசாங்க அதிகாரிக்கு எதிராகப் பொய்ப் புகார் கொடுப்பவன் தோட்டத்தை இழக்க நேரிடும் என்று சொல். பிறகு, இந்தக் குறி அவனுடையதா என்று கேள்," என்றார் துரை.

சொன்னேன். கேட்டேன். தாத்தா இன்ஸ்பெக்டரின் விரலைப் பார்த்தார். காகிதத்தைப் பார்த்தார். என்னையும் பார்த்தார்.

"எனக்கு எழுத்துத் தெரியாது யோவேல். எல்லாச் சிலுவையும் ஒண்ணு மாதிரிதானே இருக்கு? இதுல எது என்னுதுன்னு நான் எப்படிச் சொல்ல? நான் போட்டேன்னா தோட்டம் போயிடும். போடலைன்னா வாத்தியார் முகத்துல எப்படி முழிப்பேன்? நீயே ஏதாவது பார்த்துச் சொல்லுப்பா."

"என்ன சொல்கிறான்? நீளமாகப் பேசுகிறானே?"

உள்ளதை உள்ளபடி சொன்னால் தாத்தாவின் தோட்டம் போகும். அதைவிட, இது யார் சொல்லிக்கொடுத்து எழுதியது என்று துரை மேலும் தோண்டுவார். இதை இதோடு முடித்துவிட வேண்டும் என்று மட்டும்தான் அந்த நேரத்தில் தோன்றியது.

"இந்தக் குறியை எனக்குத் தெரியாது என்கிறார் துரை."

துரை எழுதிக்கொண்டார். டியானி தாத்தா என் கையைத் தொட்டுவிட்டு வெளியே போனார்.

அதன் பிறகு அது பழகிவிட்டது. ஒருவன் 'குடிச்சிருந்தேன், ஞாபகமில்ல' என்பான். இன்னொருவன் 'அண்ணன் போட்டாரு, அதான் நானும்' என்பான். வேறொருவன் ஒன்றும் பேசாமல் அழுவான். எல்லாவற்றையும் நான் ஒரே வாக்கியமாக ஆக்கினேன்: இந்தக் குறியை எனக்குத் தெரியாது. ஆளைக் காப்பாற்றுகிறேன் என்று என்னையே நம்பவைத்துக்கொண்டேன். சாயங்காலம் வீட்டுக்குப் போகும் வழியில் சிலர் எனக்கு நன்றிகூடச் சொன்னார்கள்.

மூன்றாம் நாள் மாபேலே வந்தாள். கேள்வியை நான் முடிக்கும் முன்பே விரலை வைத்துக் காட்டினாள்.

"இதுதான் என்னுது. என் பிள்ளைங்க ரெண்டுக்கும் சேத்து மூணாப் போட்டிருக்கணும். வாத்தியார் ஒண்ணு போதும்னுட்டாரு."

அவள் சொன்னதைத் திரிக்க வழியே இல்லை. அப்படியே சொன்னேன். துரை பேனாவைக் கீழே வைத்தார். கிரேன்ஜர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். பிறகு துரை, "குடும்பத் தலைவர் அல்லாத பெண்," என்று குறிப்பெழுதி அடுத்த ஆளைக் கூப்பிடச் சொன்னார்.

விசாரணை முடிந்தபோது கணக்கு இப்படி இருந்தது. ஆமாம் என்று ஒப்புக்கொண்டவர்கள் மாபேலேயோடு சேர்த்து ஒன்பது பேர். வைரச் சுரங்கத்துக்கும் ரயில் பாதை வேலைக்கும் போயிருந்ததால் வராதவர்கள் பதின்மூன்று பேர். தெரியாது என்றவர்கள் நாற்பத்தாறு பேர். இதற்குப் பிறகு வரப்போவது என்ன என்று எனக்கு அப்போதும் புரியவில்லை. அறிக்கை போகும், மனு தள்ளுபடியாகும், அதோடு முடியும் என்று நினைத்தேன். பெல்ஃபோர்டு துரை வேறு மாதிரி நினைத்தார். நாற்பத்தாறு பேருக்குத் தெரியாத குறிகள் என்றால் அவற்றை யாரோ போட்டிருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருந்தவன் ஒரே ஆள்.

பள்ளிக்கூடத்தில் பாடம் நடந்துகொண்டிருந்தபோதே எசேக்கியாவைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். பார்லிமென்ட்டுக்குப் போன மனுவில் போலிக் கையெழுத்து. பெரிய குற்றம். பிப்ரவரியில், ஊர் ஊராகப் போய் விசாரிக்கும் சுற்றுக் கோர்ட் ஜட்ஜ் ஹார்வுட்டுக்கு வரும்வரை அவன் காவலில் இருந்தான்.

அவன் என் தங்கை புருஷன் என்பது துரைக்குத் தெரியும். "உனக்குச் சங்கடமாக இருந்தால் வெளியூரிலிருந்து வேறு துபாஷியை வரவழைக்கிறேன்," என்றார்.

"சங்கடமில்லை துரை," என்றேன்.

வேறு ஆள் வந்தால் டியானி தாத்தா சொல்வது அப்படியே வெளியே வரும். என் குட்டு உடையும். அந்தப் பயத்தில் சொன்னேன்.

விசாரணை அரை நாளில் முடிந்தது. ஆட்களைக் கூண்டில் ஏற்றவில்லை; நாற்பத்தாறு வாக்குமூலங்களையும் குமாஸ்தா இங்கிலீஷில் ஒவ்வொன்றாக வாசித்தார். இந்தக் குறியை எனக்குத் தெரியாது. இந்தக் குறியை எனக்குத் தெரியாது. ஏழெட்டு ஆனதும் கைதிக் கூண்டில் நின்ற எசேக்கியா தலையை நிமிர்த்தினான். பதினைந்து ஆவதற்குள் என் பக்கம் திரும்பிவிட்டான். கடைசிவரை பார்வையை எடுக்கவே இல்லை. என் இங்கிலீஷ் அவனுக்குத் தெரியும். சின்ன வயதில் என் வாக்கியங்களைத் திருத்திக் கொடுத்தவனே அவன்தான்.

ஜட்ஜ் அவனிடம், "இந்த மனுவை எழுத வேறு யாராவது உதவினார்களா?" என்று கேட்டார்.

"இல்லை. நான் மட்டும்தான்."

தீர்ப்பில் ஜட்ஜ் சொன்னார்: ஒருவரோ இருவரோ மறுத்திருந்தால் சந்தேகப்படலாம். நாற்பத்தாறு பேர் ஒரு வார்த்தைகூட மாறாமல் ஒரே பதிலைச் சொல்லும்போது உண்மை வேறாக இருக்க முடியாது. பதினெட்டு மாதம் கடுங்காவல்.

அவனைக் கேப் டவுனுக்கு அனுப்புவதற்கு முன் ஒருமுறை பார்க்க விட்டார்கள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அழுகை வந்துவிட்டது.

"அழாதே மச்சான். பயந்துட்ட. எனக்குத் தெரியுது," என்றான். பிறகு, "ஆனா லிடியாகிட்ட நான் இதைச் சொல்ல மாட்டேன். நீதான் சொல்லணும்."

சொன்னேன். அவள் என் முன்னால் கதவைச் சாத்தவில்லை, கத்தவும் இல்லை. கேட்டு முடித்ததும், "இனிமே இங்க வராத அண்ணா," என்றாள். அவ்வளவுதான்.

ஒரு மாதம் கழித்து, ஒரு மத்தியானம், மாபேலே என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"நான் ஆறு வருஷம் மிஷன் அம்மா வீட்டுல துணி துவைச்சவ. கொஞ்சம் இங்கிலீஷ் எனக்கும் புரியும். அன்னிக்கு டியானி கிழவனை நான்தான் கைபிடிச்சுக் கூட்டிட்டு வந்தேன். கதவுப் பக்கத்துலதான் நின்னேன். அவன் அவ்வளவு நேரம் பேசினான். நீ ஒரே வரியில முடிச்ச."

"ஏன் அப்பவே சொல்லல?"

"யாருகிட்ட? உன் வாய் வழியாத்தானே சொல்லணும்?"

நான் வழி விட்டேன். அவள் உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

"உக்காந்து எழுது. இன்னொரு மனு. வாத்தியாரை விடச் சொல்லி."

இரண்டு நாள் எழுதினேன். நாற்பத்தாறு பேரும் உண்மையில் என்ன சொன்னார்கள் என்பதை ஞாபகத்திலிருந்து ஒவ்வொன்றாக எழுதினேன். அழுதவன் அழுதான் என்று எழுதினேன். எனக்குச் சந்தேகம் வந்த இடத்தில் அவர்கள் வீட்டுக்கே போய்க் கேட்டேன். சிலர் என்னைத் திட்டினார்கள். ஒருவன் நாயை ஏவினான். டியானி தாத்தா நான் கேட்பதற்குள் மனுவில் குறி போட்டுவிட்டார். "தோட்டம் போனாப் போகட்டும். ஆறு மாசமா சோறு இறங்கல," என்றார். அடியில், கோர்ட் துபாஷி யோவேல் க்வாஷு ஆகிய நான் பொய்யாக மொழிபெயர்த்தேன் என்று எழுதி முதல் கையெழுத்தை ஏற்கெனவே போட்டிருந்தேன். இந்த முறை மொத்தம் முப்பத்தொரு பெயர்கள்.

ஐந்தாவது வாரம் ஆஷ்வெல் அதைத் திருப்பி அனுப்பினார். வருத்தமாகத்தான் எழுதியிருந்தார். கோர்ட் தீர்ப்பைக் குறை சொல்லும் மனுவைச் சபை வாங்கக் கூடாது என்பது விதியாம். குமாஸ்தா மேசை வரைக்கும்கூட அது போகவில்லை. அந்த விதி கெஜட்டில் இருந்தது. நான் மறந்துபோயிருந்தேன். ஜட்ஜுக்கும் கவர்னருக்கும் தனியாக நகல் அனுப்பினேன். ஜட்ஜிடமிருந்து பதில் வரவில்லை; கவர்னருக்குப் போனது வழக்கம்போல ஹார்வுட் மாஜிஸ்திரேட்டின் அறிக்கைக்காக வந்து சேர்ந்தது. அன்றே எனக்கு வேலை போயிற்று. பொய்ச் சத்தியத்துக்காக என் மேல் வழக்குப் போட்டால் பழைய வழக்கையும் கிளற வேண்டியிருக்கும் என்பதால் போடவில்லை. டியானி தாத்தாவின் தோட்டத்தை அந்த உழவுக் காலத்தில் வேறொருவனுக்குக் கொடுத்தார்கள். அடுத்த குளிர்காலத்தை அவர் தாண்டவில்லை.

எசேக்கியா பதினெட்டு மாதத்தில் ஒரு நாளும் குறையாமல் கல் உடைத்துவிட்டு வந்தான். ரயிலிலிருந்து இறங்கியபோது யாருடையதோ ஒரு கோட்டைப் போட்டிருந்தான். அது அவனுக்குத் தொளதொளவென்று இருந்தது. மாபேலே ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். அவன் என்னிடம் கை நீட்டினான். நான் பிடித்தேன். தோல் மரப்பட்டை மாதிரி இருந்தது. லிடியா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

தண்டனை பெற்றவனுக்குப் பள்ளிக்கூடம் கொடுக்க மாட்டார்கள். அந்த மாதமே இருவரும் கேய் ஆற்றுக்கு அந்தப் பக்கம், அவன் மாமன் ஊருக்குப் போய்விட்டார்கள். மாபேலே வேலிக்குள் புகுந்து ஊற்றில் தண்ணீர் எடுத்ததற்காக மூன்று முறை ஜெயிலுக்குப் போனாள். நாலாவது முறையிலிருந்து கிரேன்ஜர் அலுத்துப்போய்ப் புகார் கொடுக்கவில்லை. அவள் ஒருத்திக்கு மட்டும் அந்த ஊற்று இருந்தது. மற்றவர்கள் இன்னும் குட்டைக்குத்தான் போகிறார்கள்.

நான் இப்போது ஹார்வுட்டில் ஒரு கம்பளிக் கிடங்கில் மூட்டை எடை போடுகிறேன். ஏழு வருடம் கழித்து, போன மாதம் லிடியாவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அங்கே விதை உருளைக்கிழங்கு நல்லதாகக் கிடைப்பதில்லையாம், முடிந்தால் ஒரு சாக்கு அனுப்பு என்று எழுதியிருந்தாள். நலமா என்றுகூடக் கேட்கவில்லை. மறுநாள் காலையில் சந்தைக்குப் போய், ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்து, அழுகல் இல்லாமல் பொறுக்கி, இரண்டு சாக்கு அனுப்பிவைத்தேன்.